குறட்டோடு வந்த நூறு வோன்

மார்ச் 12, செவ்வாய்

கட்டாயப் பட்டாளச் சேவைக்கு இன்சோப்பைப் பயிற்சி முகாம் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். வழியில் நிறுத்திச் சாப்பிட்டபோது அவன் இறைச்சியைப் பாதிக்கு மேல் தொடவில்லை. மொட்டைத் தலையோடு பார்க்க நெஞ்சு கனத்தது. ஆனால் நான் அழுதால் அது நடிப்பாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் வந்த மாற்றாந்தாய்க்குக் கண்ணீர்கூட அளந்துதான் விட வேண்டும்.

அவன் அப்பா காரை ஓரம்கட்டப் போன நேரத்தில் குறடு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பட்டாளத்துக்காரர்கள் இடுப்பில் மாட்டுகிற கனமான மடக்குக் குறடு. ஹ்வாச்சன் ஊரில் ராணுவச் சாமான் கடைக்காரர் அதை மல்டி டூல் என்றார். விரித்தால் குறடு, கைப்பிடிகளுக்குள் கத்தி, ரம்பம், கம்பிவெட்டி, இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ. இதே மாதிரி ஒன்று இவருடைய இடுப்பில் பொறியாளர் படையில் இருந்த நாள் முதல் தொங்குகிறது. அதை இன்சோப் பார்க்கிற பார்வையைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

கையில் வாங்கி எடை பார்த்தான். பையில் போட்டுக்கொண்டான்.

பிறகு எங்கள் இருவருக்கும் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனான். என்னையும் சேர்த்துத்தான் வணங்கினானா, நான் இவருக்குப் பக்கத்தில் நின்றதாலா?

காரில் அப்பாவிடம் சொன்னது மட்டும் காதில் நிற்கிறது: "முதல் லீவுக்கு தேகு பெரியம்மா வீட்டுக்குப் போயிடுறேன்பா." தேகு நகரத்தில் இருக்கிற, செத்துப்போன அம்மாவின் அக்கா. போகட்டும். உரிமை இருக்கிறது. ஆனால் முதல் லீவுக்கே இந்த வீட்டுக்கு வராதவன் அப்புறம் எப்போது வருவான்?

மார்ச் 14

நூடுல்ஸ் கடை பாங் அக்காவிடம் போய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்னது, கத்தியா? போற புள்ளைக்குக் கத்தியா குடுத்த? அடியே ஓக்ரான், கத்தி குடுத்தா உறவு அறுந்து போகும்னு உங்க வீட்ல யாரும் சொல்லலியா?"

"அது குறடுக்கா."

"உள்ள கத்தி இருக்குல்ல?"

"சின்னதா இருக்கு."

"அறுக்குறதுக்குப் பெருசா வேணுமா?"

சின்ன வயதில் கேட்டதுதான். கடையில் அது நினைவுக்கே வரவில்லை. குறடு, கம்பிவெட்டி, காட்டில் உதவும் என்றுதான் புத்தி போனது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன் நான்.

மார்ச் 22, வெள்ளி

பெட்டி வந்தது. பையன் போட்டுக்கொண்டு போன சட்டை, கால்சட்டை, காலணி எல்லாவற்றையும் பட்டாளம் அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். அதைத் திறந்துவிட்டு அழாத தாய் கிடையாது என்பார்கள். நானும் அழுதேன், ஆனால் வேறு காரணத்துக்கு.

காலணிக்குள் குறடு இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டான்.

"பயிற்சில கத்திய உள்ள விடுவானா? யார் கொண்டு போனாலும் பெட்டிலதான் வரும்" என்றார் இவர்.

"இருபத்திரண்டு வருசம் பட்டாளத்துல இருந்தீங்களே, இத அவங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"அவன் எங்க கேட்டான்?"

சரி, விதி என்றால் விதி. அது புரிகிறது. புரியாதது வேறு. குறட்டின் கைப்பிடியில் ஒரு நூறு வோன் காசை வைத்து, காலில் கொப்புளத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் இறுக்கி ஒட்டியிருக்கிறான். தானாக ஒட்டிக்கொண்டதில்லை. இரண்டு சுற்று சுற்றியிருக்கிறது.

"இது என்னங்க?"

"ஆடாம இருக்க ஒட்டிருப்பான்."

"காசு வச்சா ஆடாதா?"

அவர் பெட்டியிலிருந்த கடிதத்தைப் பிரித்தார். கடிதம் அப்பா பெயருக்கு வந்திருந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, தூக்கம் வருகிறது, கவலை வேண்டாம். குறட்டைப் பற்றி எதுவும் இல்லை. என்னைப் பற்றியும் இல்லை.

மார்ச் 23

நேற்றெல்லாம் யோசித்து இதுதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். விலை கொடுத்திருக்கிறான். உன் பரிசுக்கு என் மதிப்பு நூறு வோன், வாங்கிக்கொள், கணக்குத் தீர்ந்தது. அப்படித்தானே? வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மூன்று வருடம் இவனுக்குச் சோறு போட்டேன். ஒரு நாளும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா வேண்டாம், சித்தி என்றாவது? அதுவும் இல்லை. "இங்க பாருங்க." "சோறு இருக்கா?" அவ்வளவுதான். நானும் பொறுத்துத்தான் போனேன். அதுக்கு நூறு வோனா? நூறு வோனுக்கு இப்போ சூயிங்கம்கூட வராதுடா!

பிளாஸ்திரியைப் பிய்த்துக் காசை எடுத்தேன். மதியம் மார்ட்டில், காசு போட்டால் பூட்டு திறக்கிற தள்ளுவண்டிக்கு அதையே போட்டேன். சாமானைக் காரில் ஏற்றும்போது மழை கொட்டியது. வண்டியைத் திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டினால் காசு கிடைக்கும். போகவில்லை. அவன் காசுக்காக நான் நனைவேனா? வண்டியை அப்படியே மழையில் விட்டுவிட்டு வந்தேன்.

மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

பயிற்சி முடிகிற விழா. குடும்பங்கள் போய்ப் பிள்ளையின் மார்பில் சிப்பாய்ப் பட்டையைக் குத்தி, ஒரு நாள் கூட இருந்து சாப்பாடு போட்டுவிட்டு வரலாம். நான் போகவில்லை. நாங்கள் ஆற்றங்கரையில் நடத்துகிற கூடாரத் தளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், கூடாரம் போடும் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். யாரும் வரவில்லை. வியாழக்கிழமை யார் வருவார்கள்? கோழிக்கறியும் அரிசி உருண்டையும் கட்டிக் கொடுத்தேன்.

இவர் சாயங்காலம் வந்தார். இவரிடமிருந்து விஷயம் வாங்குவது கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி.

"என்ன சொன்னான்?"

"நல்லாருக்கான். கறுத்துட்டான்."

"என்னைக் கேட்டானா?"

"கேட்டான்."

"என்னன்னு கேட்டான்?"

"வரலையான்னு."

"அப்புறம்?"

"அது வந்துச்சான்னு கேட்டான்."

"எது?"

"அதுதான், வந்துச்சான்னு."

"எதுன்னு நீங்க கேக்கலையா?"

"பெட்டியத்தான் கேக்குறான்னு நெனச்சேன். வந்துச்சுன்னேன். சிரிச்சான்."

சிரித்தானாம். என்ன சிரிப்பு? இளக்காரமா? நான் போயிருக்க வேண்டும். போயிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். கோழி முழுவதையும் தின்று தீர்த்தானாம்.

மே 4

தண்ணீர் மோட்டாரின் குழாய்ப் பிடிப்பு துருவேறி இறுகிவிட்டது. தளம் நிறைய ஆட்கள், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இவர் ஊரில் இல்லை, இவர் குறடும் இல்லை. தொடக் கூடாது என்று அலமாரிக்கு மேல் வைத்திருந்த இன்சோப்பின் குறட்டை எடுத்தேன். என்ன பிடி! ஒரே திருகலில் கழன்றது. கம்பியையும் அதுவே வெட்டியது.

மடக்கும்போது விரல் நசுங்கி இரத்தம் கட்டிவிட்டது. நல்லா வேணும் எனக்கு.

மே 5

குறடு இன்னும் என் மேலங்கிப் பையில்தான் இருக்கிறது. ஏன் திரும்ப வைக்கவில்லை என்று தெரியவில்லை.

மே 18, சனி

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது?

இவருடைய பழைய படைக்கூட்டாளி கூ அண்ணன் குடும்பத்தோடு கூடாரம் போட வந்திருந்தார். விறகு பிளக்க இவர் புதிதாக வாங்கிய கைக்கோடரி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இவர் சட்டென்று, "பிடிச்சிருந்தா நீயே வச்சுக்கடா" என்றார். கூ அண்ணன் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவி ஒரு காசைத் தேடி எடுத்து இவர் கையில் திணித்தார். இவரும் பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

நான் பன்றிக்கறியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இடுக்கி அப்படியே நின்றது.

"அது எதுக்குண்ணே காசு?"

"சும்மா வாங்கினா உறவு அறுந்துடும்ல தங்கச்சி? கூரான பொருள் யார் குடுத்தாலும் ஒரு காசாவது குடுத்துடணும். அப்ப அது பரிசு இல்ல, வாங்கினது. அறுக்காது. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"பாதிதான் தெரியும்."

பாங் அக்கா எதையும் பாதிதான் சொல்வாள். அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் நான் வெந்தேன்.

இவரைத் தனியாகப் பிடித்தேன். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நான் குடுத்த குறட்டுல ஒட்டியிருந்த காசு ஏன்னு தெரியாதா?"

"நீ குடுத்த சாமான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவனே வாங்கிட்டுப் போனான்னு நெனச்சேன்."

உண்மைதான். இவர் காரை நிறுத்தப் போன நேரத்தில் கொடுத்தேன். அப்புறமும் சொல்லவில்லை. விதி தெரியாமல் கத்தி வாங்கினேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கம்.

கறி கருகிவிட்டது. எல்லோரும் தின்றார்கள்.

அப்படியானால்... அவன் அறுக்க வேண்டாம் என்றா ஒட்டினான்? சுற்றிச் சுற்றி ஒட்டினானே, அது அதற்காகவா? கொப்புளத்துக்குக் கொடுத்த பிளாஸ்திரியை எடுத்து? என் இன்சோப்பா? இருக்காது. இருக்குமா? வேறு ஏதாவது அர்த்தம் இருந்தால் யாராவது சொல்லுங்களேன்.

மே 19

மார்ட்டுக்குப் போனேன். தள்ளுவண்டிகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. அந்தக் காசு எப்போதோ யாரோ வண்டியைத் திருப்பிவிட்டு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். தெரிந்துதான் போனேன். தெரிந்தும் ஒவ்வொரு வண்டியின் காசுத் துளையாகக் குனிந்து பார்த்தேன். காவலர் வந்து, "என்னம்மா தொலைச்சீங்க?" என்றார். "நூறு வோன்" என்றேன். பரிதாபமாகப் பார்த்துத் தன் பையிலிருந்து ஒரு காசு எடுத்துக் கொடுத்தார்!

வேண்டாம் என்று சொல்லி என் காசையே போட்டு ஒரு வண்டியை எடுத்தேன். கடையை வெறுமனே ஒரு சுற்று சுற்றிவிட்டு, திரும்பப் பூட்டிக் காசை எடுத்துக்கொண்டு வந்தேன். சமையலறை ஜன்னலில் சின்னக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அது அவன் காசு இல்லை. எனக்கும் தெரியும்.

விலையை வாங்கித் தொலைத்தால் உறவு என்ன ஆகும்? கூ அண்ணனைக் கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 2, ஞாயிறு

தொலைபேசி. படைப்பிரிவிலிருந்து இன்சோப். இவர் ஆற்றங்கரையில் இருந்தார்.

"அப்பா இல்லையா?"

"கூப்பிடுறேன். இரு. வச்சிடாத. இன்சோப், அந்தக் காசு..."

"எந்தக் காசு?"

"நீ ஒட்டி அனுப்பினது. தொலைச்சுட்டேன். மார்ட்ல தள்ளுவண்டில போட்டு, மழை வந்து, அப்படியே விட்டுட்டேன். எனக்கு அப்ப தெரியாது. நீ என்னமோ கணக்குத் தீத்துட்டேன்னு..."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா? பின்னால் யாரோ நேரமாகிறது என்று கத்தினார்கள். வைத்துவிட்டான்.

எனக்கு வாய் ஏன் இப்படி? கோபமாக இருக்கிறானா? சிரித்திருந்தால் இன்னொரு தடவை சிரித்துக் காட்டியிருக்கலாமே.

ஜூன் 20

தேகுவிலிருந்து பெரியம்மா போன் செய்தாள். இன்சோப்புக்கு அடுத்த மாதம் லீவாம். "அங்க வர்றானா, இங்க வர்றானா?" என்று அவள் என்னைக் கேட்கிறாள். "உங்க வீட்டுக்குன்னுதான் சொன்னான்" என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

இருவருக்கும் சொல்லாமல் எங்கேதான் போகப்போகிறான்?

ஜூலை 8, திங்கள்

மழை. கூடாரங்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன். சரிவில் பட்டாளச் சீருடையில் ஒரு ஆள் இறங்கி வந்தான். வழி கேட்க வந்தவன் என்று நினைத்தேன். அவ்வளவு கறுத்திருக்கிறான்.

குனிந்து வணங்கினான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. எனக்குத்தான்.

"தேகுக்குப் போகலையா?"

"சோறு இருக்கா?" என்றான்.

மூன்று கிண்ணம் சாப்பிட்டான். என் மேலங்கிப் பை கனமாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டான்.

"அது என்னோடது இல்ல?"

எடுத்து மேசையில் வைத்தேன். கைப்பிடியெல்லாம் கீறல். விரித்து, மடக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"காசு குடுத்து வாங்கின பொருள். கேக்காம எடுத்துருக்கீங்க."

"மோட்டார் நின்னு போச்சு, அதான்..."

"விரல் நசுங்குச்சா?"

"நசுங்குச்சு."

"முதல் தடவ எல்லாருக்கும் நசுங்கும்."

கிண்ணத்திலிருந்த காசைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். தொலைத்ததற்கு வேறு ஒன்று கொடுக்க முடியுமா, அப்போதுதான் செல்லுமா என்று கேட்டேன். "ஒரு பொருளுக்கு ரெண்டு தடவ விலை கேக்குறீங்களா? நல்ல வியாபாரம்" என்றான். "காசு வாங்கினா செலவழிக்கத்தான்."

"அன்னைக்குப் போன்ல சிரிச்சியா?"

"இருமல்."

ஜூலை 11

மழை விட்டது. காலையில் ஹ்வாச்சன் போகிறேன் என்று போனவன் மதியம் ஒரு பையோடு வந்தான். ராணுவச் சாமான் கடைப் பை. உள்ளே கறுப்பு ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை. என் பூட்ஸ் குதிகாலில் கிழிந்து தண்ணீர் போவதை எப்போது பார்த்தானோ.

என்ன சொல்வதென்று தெரியாமல், "எதுக்கு வீண் செலவு?" என்றேன். அறிவு கெட்டவள்.

அவன் கையை நீட்டினான்.

"நூறு வோன் குடுங்க."

"எதுக்கு? இதுல கத்தி இல்லையே."

என் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸையே பார்த்துக்கொண்டு சொன்னான். "செருப்பு, பூட்ஸ் சும்மா குடுத்தா போட்டுக்கிட்டு ஓடிப் போயிடுவாங்களாம். குடுங்க."

நான்தானே இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தேன்? இவன் எப்போதிலிருந்து பயந்தான்?

பணப்பையைத் துழாவினேன். ஆயிரம் வோன் நோட்டுதான் இருந்தது. நோட்டு வேண்டாம், காசுதான் வேண்டும் என்றான். சமையலறைக்கு ஓடிப்போய் ஜன்னல் கிண்ணத்தைக் கவிழ்த்து எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். எண்ணிப் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

"வித்தாச்சு" என்றான்.

ஜூலை 12

படைக்குத் திரும்பிவிட்டான். குறட்டை எடுத்துப் போகவில்லை. "மோட்டார் மறுபடி நின்னா என்ன பண்ணுவீங்க? அடுத்த லீவுல வந்து பாத்துக்குறேன்" என்றான்.

பூட்ஸ் ஒரு அளவு பெரியது. மாற்றப் போவதில்லை. இரண்டு காலுறை போட்டால் சரியாக இருக்கிறது.