பூட்டிக்கொண்ட கதவு

அம்மாவுக்கு, உன் மகள் எழுதுவது. முட்டிவலி தேவலையா? அப்பா நடக்கிறாரா? இங்கே நாலு வயதுப் பெரியவளும் புதுப் பாப்பாவும் சுகம்.

நேற்று ஒரு கூத்து. குப்பை போட வெளியே வந்தேன், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி, போன், பிள்ளைகள் எல்லாம் உள்ளே. இவர் வேலைக்குப் போயிருந்தார். எதிர்வீட்டம்மாதான் பூட்டுக்காரரை வரவழைத்தார். அதுவரை கதவில் தபால் போடும் துவாரம் வழியாகப் பெரியவளோடு பேசிக்கொண்டிருந்தேன். பாப்பா வீறிட்டதும் அவள் அதட்டினாள்: "இங்க அழக்கூடாது பாப்பா! அம்மா மாதிரி பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுத்தான் அழணும்."

நல்லவேளை, எதிர்வீட்டம்மாவுக்குத் தமிழ் தெரியாது.

அப்பாவைத் தனியாக விட முடியாதென்று தெரியும். சும்மாதான் கேட்கிறேன், உன் பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டதா? பீரோவில் பார். பாப்பா அழுகிறாள், நிறுத்துகிறேன். இன்றைக்கே பார் அம்மா.