நீ சாப்பிட்டாய், ஜெகன்

என் குஞ்சுத் தம்பி ஜெகனுக்கு,

நேற்று உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தது. வாசலில் போட்ட தகரப் பந்தலைக் காலையில்தான் கழற்றிக்கொண்டு போனார்கள். அம்மா படுத்துக் கிடக்கிறா. எனக்குப் படுத்தாலும் நித்திரை இல்லை, அதுதான் உன்னோடு கதைக்க உட்கார்ந்திருக்கிறேன்.

உன் இலையில் என்ன படைப்பது என்பதில்தான் முதல் சண்டை.

“அவனுக்கு நண்டெண்டா உயிர்,” என்றா அம்மா.

“உங்களுக்கென்ன விசரே அம்மா? நண்டு திண்டால் அவனுக்கு உடம்பெல்லாம் தடிக்கும்.”

“கடைசிக் காலத்தில ஆசையாத் திண்டவன்தானே?”

“கடைசிக் காலத்தில அவன் கோழிக்கு வைச்ச தவிட்டையும்தான் திண்டவன்!”

வெண்டிக்காயைக் கண்டால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகிற ஜெகனுக்குச் சமைப்பதா? வெண்டிக்காயைப் பச்சையாகவே கடித்துத் தின்ற ஜெகனுக்கா? எந்த ஜெகன் வருவான் என்று நான் யாரிடம் கேட்பேன், சொல்லு?

முதலில் உன் பார்வைதான் மங்கியது. மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன், கைக்குப் பக்கத்தில் கிடக்கிற நட்டைத் தடவித் தேடுகிறாய் என்று உன் முதலாளி பகிடி பண்ணினார். கண்டிக்குப் போய்த் தலையைப் படம் பிடித்தபோது மூளையின் அடியில் கட்டி. புற்றுநோய் இல்லை, நல்ல கட்டிதான் என்றார் டொக்டர். அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தா. நல்ல கட்டியாம்!

ஒப்பரேசனில் கண் தப்பியது. ஆனால் நீ சாப்பிட்டுக்கொண்டே இருந்தாய். திரும்பவும் டொக்டரிடம் போனோம்.

“பசி, தாகம், நித்திரை எல்லாத்தையும் பார்க்கிற இடத்தோடதான் அந்தக் கட்டி ஒட்டியிருந்தது,” என்றார். “வயிறு நிறைஞ்சால் ‘காணும், போதும்’ எண்டு சொல்லுறது அந்த இடம்தான். தம்பிக்கு இனி அது சொல்லாது. புது ஞாபகம் போய்ச் சேருற வழியும் அதுக்குப் பக்கத்தாலதான் போகுது. பழசு நிக்கும். இப்ப நடக்கிறது நிக்காது. சமைக்கிற குசினியைப் பூட்டி வையுங்கோ.”

“எப்ப சரிவரும் டொக்டர்?” என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பழசு நின்றதுதான், மறுக்கமாட்டேன். பள்ளிக்கூடத்து வாத்திமாருக்கு வைத்த பட்டப்பெயர் ஒன்றும் உனக்குத் தப்பவில்லை. ஆனால் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் ஸ்பனரும் கையுமாக நின்றாயாம். முதலாளி உன்னை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

வீட்டில் நீ சாப்பிட்டுக் கை கழுவி, அந்த ஈரம் காய முன்னம் வந்து நிற்பாய். “அக்கா, நான் இன்னும் சாப்பிடேல்லை.” குழம்பு ஒட்டியிருக்கிற கோப்பையைக் காட்டினால், “அது வேற ஆற்றையோ கோப்பை,” என்பாய். நீ பொய் சொல்லவில்லையடா. பொய் என்றால் இரண்டு குட்டுக் குட்டியிருப்பேன். பூட்டின குசினியின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நான் நிற்க, நீ குசினிக் கதவில் அடித்து அடித்து அழுவாய். உன் கணக்கில் நான் உனக்கு ஒருநாளும் சோறு போட்டதில்லை.

பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்கிற, கிண்ணியாவில் இருந்து வருகிற முஸ்லிம் நானாவிடம் நீ ஓடிப்போய் அதைத்தான் சொன்னாய். அவர் இறங்கி வந்து என்னை ஏசினார். “என்ன புள்ள இது? சொந்தத் தம்பிதானே? இப்பிடிப் பசியோட விட்டிரிக்கீங்க?” சனம் எல்லாம் வேலியால் எட்டிப் பார்த்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசலில் வைத்தே உன் தலையில் இருந்த ஒப்பரேசன் தழும்பைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் நீ அவருடைய மீன் வைத்த மாலுபாண் ஒன்றை விழுங்கிவிட்டு, “நானா, எனக்கு ஒண்டும் தரேல்லையே?” என்று கேட்டாய். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு காய்ச்சல் வந்தது. மற்றவர்களுக்கு வந்து போகிற காய்ச்சல்தான், உன் உடம்பு தாங்கவில்லை. வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரி வார்ட்டில் சொல்லிவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, விடியத் தொடக்கம் நீ எனக்கு ஒண்டுமே தரேல்லை,” என்றாய். அதுதான் உன் கடைசிக் கதை. எத்தனையோ தரம் நீ சொன்னதில் அன்றைக்கு மட்டும்தான் அது உண்மை. நான் என்ன செய்திருக்க வேண்டும் ஜெகன்?

நேற்று நானாவும் வந்திருந்தார். “நீங்க குடுத்தது எனக்குத் தெரியும் புள்ள,” என்றார். நல்ல மனுசன். அவருக்குத் தெரிந்து என்ன, அம்மாவுக்குத் தெரிந்து என்ன? தெரியவேண்டியவன் நீ ஒருவன்தானே.

கடைசியில் நண்டும் வைத்தோம், வெண்டிக்காயும் வைத்தோம். “ஆத்துமா வந்து சாப்பிடட்டும், கதவைச் சாத்திப்போட்டு வெளியில வா,” என்றா மாமி. என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு இலைக்குப் பக்கத்திலேயே இருந்தேன். சோறு ஆறியது. ஈ மொய்த்தது. ஒரு பருக்கைகூட மிச்சம் வைத்தறியாதவனுடைய இலை, போட்டபடி கிடந்தது. நீ செத்துப்போனாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாய்விட்டுக் கத்தி அழுதேன்.

வருஷம் முடிய வருகிற ஆட்டைத் திவசத்துக்கும் சமைப்பேன் தம்பி. அதற்கடுத்த வருஷமும் சமைப்பேன். நீ வந்து சாப்பிடப் போவதில்லை, எனக்குத் தெரியும். சமைப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பட்டினி போட்டவள் என்று நினைத்துக்கொண்டே நீ விட்டுப்போன
உன் அக்கா