கட்டிலடி வயரைக் கொடுக்காதே

கௌரி,

கழுத்து திரும்பவில்லை. நேற்று பகல் முழுக்க அண்ணாந்தே வயர் இழுத்த வினை. உன்னை எழுப்பித் திட்டு வாங்கத் தெம்பில்லை. எழுதி வைத்துவிட்டு ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்குப் போகிறேன்.

பத்து மணிக்கு உன் தம்பி டில்லிபாபு வருவான். தன் புது வீட்டுக்கு வேறு ஆளை வைத்து வயர் இழுத்துக்கொள்வதாகக் கோபித்துக்கொண்டு போனானே, அவன் மலிவாக வாங்கிய வயர் கட்டிலடியில் கிடக்கிறது. அதைக் கொடுக்காதே. கதவோரம் நான் வைத்திருக்கும் சுருளைக் கொடு. அதன் தோலில் மீட்டருக்கு மீட்டர் ஐஎஸ்ஐ முத்திரையும், தீ பரவாது என்பதற்கு அடையாளமாக எஃப்ஆர் என்ற எழுத்தும் இருக்கும். 'பாவா சும்மா பயமுறுத்திகினு இருக்காரு, வயருன்னா எல்லாம் ஒண்ணுதான்க்கா' என்று என்னைப் பற்றிச் சொல்வான். கேட்காதே. அடுப்பில் இரண்டையும் காட்டினேன், நீயும் பார்த்தாய். என்னுடையது நெருப்பை விட்டு எடுத்ததும் அணைந்தது. அவனுடையது எரிந்துகொண்டே போய் உன் தோசை மாவில் சொட்டியது. அந்தப் புது வீட்டில் தூங்கப்போவது அவன் கைக்குழந்தை.

மாவைக் கொட்டிவிடு, மாட்டுக்கும் வைக்காதே. கடை மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. புளிப்புதான், சட்னியைக் காரமாக அரைத்துக்கொள். வண்டிச் சாவி மீட்டர் பெட்டிமேல்.

தேசப்பன்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். 'உங்க வூட்ல ஒருத்தனுக்கும் மூளை இல்ல' என்று அவன் எதிரிலேயே உன்னிடம் கத்தினேன். வயரைப் பற்றிச் சொன்னது சரி, கத்தியது தப்பு. அவனுக்கு நல்ல வயர் எடுத்து வைத்தாயிற்று. உன்னிடம் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. அது பாக்கி.