மூணு மில்லி

பிப்ரவரி 9

பட்டறையில் இன்றும் அதே கூத்து. பல் டாக்டர் அம்மாவின் மருந்து அலமாரிக்குப் பக்கப் பலகை அறுத்தோம். ஆணியே கிடையாது. ரூட்டர் மெஷின் வெட்டும் நீளப் பள்ளத்தில், அதாவது காடியில், தட்டுகள் போய் உட்கார வேண்டும். முதல் காடி கச்சிதம். போகப் போகக் குறைந்து, ஒரு மீட்டர் தள்ளி விழ வேண்டிய கடைசிக் காடி மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே விழுந்திருக்கிறது. தட்டு கோணிக்கொண்டு நிற்கிறது.

தம்பி திட்டியிருந்தால்கூட நிம்மதி. மெஷினுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரையத் தெரிந்தவன் என்று அவனை ஒரு பெரிய தொழிற்சாலையில் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "இந்த அலமாரி முடியட்டும்க்கா, பாக்கலாம்" என்கிறான். கம்ப்யூட்டர் மெஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். அவன் அப்போதே வேண்டாம் என்றான்.

பிப்ரவரி 10

அவன் பிளைவுட் எடுக்கப் போன நேரத்தில் மெஷின் செட்டிங்கில் கை வைத்தேன். மீட்டருக்கு மூன்று மில்லி கூடுதலாக ஓடும்படி மாற்றிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பான். நானாகப் போய் எதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்?

பிப்ரவரி 11

அன்று குறைந்தது. இன்று மூன்று மில்லி கூடுதல். கூடுதல்! பேய் கீய் பிடிச்சிருக்கா இதுக்கு? கோபத்தில் பலகையை உதைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

பிப்ரவரி 12

மெஷினைத் தொடவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

பிப்ரவரி 13

அம்மா போனில், "போறவன் போகட்டும்டி. படம் வரைய வேற ஆளா கிடைக்காது?"

கிடைக்கும். சண்டை போட வேற ஆள் கிடைக்குமா? எனக்கு அவன் போகக் கூடாது, அவ்வளவுதான். அதை அம்மாவிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 14

"அக்கா! இங்க வா! அறுக்காம சும்மா மெதுவா ஓட்டுறேன். ஆயிரம் போன்னா ஆயிரத்து மூணு போகுது!" இரும்பு ஸ்கேலைப் பிடித்தபடி மண்டி போட்டிருந்தான் தம்பி.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. செட்டிங்கை மாற்றியதைச் சொல்லிவிட்டேன். குதிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"நீயுமா?" என்றான்.

நான் மாற்றிய அன்றைக்கே அவனும் கம்ப்யூட்டர் படத்தில் மீட்டருக்கு மூன்று மில்லி நீட்டி வைத்திருக்கிறான்!

"ஏன்டா சொல்லல?"

"உன் மெஷினைக் குறை சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுப்ப."

அது உண்மைதான். அவன் மூன்று, நான் மூன்று, மொத்தம் ஆறு. மெஷின் விழுங்கிய மூன்று போக மீதி மூன்று. இரண்டு கழுதைகள்! வயிறு வலிக்கச் சிரித்தோம். நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பார்க்காத மாதிரி ஸ்கேலைத் துடைத்தான்.

இரண்டையும் பழையபடி மாற்றினோம். சும்மா ஓட்டினால் ஆயிரத்துக்கு ஆயிரம். பலகையில் கத்தி இறங்கியதும் குறைகிறது. அப்படியானால் எங்கோ பிடிப்பு விடுகிறது. மோட்டார் தண்டையும் கத்தியை நகர்த்தும் நீளத் திருகையும் சேர்க்கும் கப்ளிங்கின் மேல், தண்டுவரை ஒரே கோடாகப் பேனாவால் இழுத்தான். ஒரு பலகை அறுத்து முடித்ததும் பார்த்தால் கோடு இரண்டாக விலகி நிற்கிறது. உள்ளே கடுகளவு ஸ்க்ரூ ஒன்று தளர்ந்து, கப்ளிங் வழுக்கியிருக்கிறது. முறுக்கினேன். இதற்கா இத்தனை பாடு!

பிப்ரவரி 18

அலமாரி போய்ச் சேர்ந்தது. எல்லாத் தட்டும் கையால் தட்டியதும் உள்ளே போனது. டாக்டர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. அலமாரி முடிந்துவிட்டதே. அவன் வேலைப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபடியும் அதே புத்தி!

பிப்ரவரி 19

சொல்லிவிட்டேன். "போகாதடா. நீ போறது எனக்குப் பிடிக்கல."

"இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றான். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

கதவுப் பலகை ஓடிக்கொண்டிருந்தபோது தொழிற்சாலையிலிருந்து அவனுக்குப் போன். மெஷின் இரைச்சலில் கத்தினான். "வரலைங்க! வ-ர-லை! இல்லைங்க, சம்பளம் காரணமில்ல. அக்காகூட வேலை இருக்குங்க!"

நிறுத்தவா என்று சைகை காட்டினேன்.

"அய்யோ, நிறுத்திடாத! நடுவுல நின்னா காடி கெட்டுடும்!" என்று போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னிடம் கத்தினான். போனில் அந்தப் பக்கம் இருந்தவருக்கும் அது கேட்டிருக்கும்.