நீ பிறக்குமுன்னே நின்ற படிப்பு

செல்மா, மே 19

என் கண்ணு யாரெட்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை, அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் உன் வயிற்றிலிருக்கும் செல்லமும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே பீச் பழம் வரத் தொடங்கிவிட்டது. பகலெல்லாம் கொட்டகையில் பழம் அடுக்கிவிட்டு, கழுத்தில் அதன் சுணை அரிக்க அரிக்க சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பில் போய் உட்காருகிறேன். ஜன்னலுக்கு வெளியே தோட்டங்கள் மஞ்சள் வெயிலில் மிதக்கும், எனக்குக் கண் சொருகும், மனோதத்துவம் படிக்கிறவளுக்குத் தூக்கமும் பாடம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

பேராசிரியை ஓஹானியன் எங்களைக் கனவு நோட்டு எழுதச் சொன்னார். விழித்ததும், பல் துலக்குமுன், கண்டதை எழுதிவிட வேண்டும். என் நோட்டில் ஒரே கனவு பதினொரு முறை இருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயது, புத்தகத்தோடு நிற்கிறேன், கல்லூரிக்குப் போகும் பஸ் வந்து கதவைத் திறக்கிறது, நான் ஏறவில்லை, பஸ் பனிமூட்டத்துக்குள் மெல்லக் கரைந்து போகிறது. அங்கே உன்னைத் தேடுவேன். உனக்காகத்தானே ஏறவில்லை, நீ என் இடுப்பில் இருக்க வேண்டுமே. ஒரு தடவைகூட நீ இல்லை, கை வெறுங்கையாகவே இருக்கும்.

இங்கே இரண்டு வருடம் முடிவதால் கடலோரப் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் வருடத்துக்கு எனக்கு இடம் கிடைத்ததை ஏப்ரலிலேயே உனக்குச் சொன்னேன். ஜூன் முதல் தேதிக்குள் பதில் தர வேண்டும். நீ ஜூலையில் வந்து நாற்பது நாள் என்னைப் பார்த்துக்கொள், அப்புறம் படிக்கப் போ என்றாய். எனக்கோ உள்ளுக்குள் வேறு கணக்கு. இந்நிலையில் மாலை வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், பழைய ஞாபகம் ஒன்றை எழுதி, அப்போது கூட இருந்தவரிடம் சரிபார்க்க வேண்டும். நீ பிறந்ததால் படிப்பை விட்ட கதையை எழுதி உன் சாயோ பெரியம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். அப்படியே, பேத்தி வரப்போகிறது, யாரெட்சியைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் படிக்கப் போவேன், இடம் வேண்டாமென்று எழுதிவிடப் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் காதே அடைத்துவிட்டது. ஏண்டி, அவ பொறக்க ஒன்றரை வருஷம் முன்னாடியே நீ காலேஜை விட்டாச்சு, மொத பரீட்சைல மார்க்கு கொறஞ்சதும் பஸ் வர்ற நேரம் பாத்து தலைவலின்னு போர்வைய இழுத்து மூடிக்கிட்டே, அன்னிக்கு பயந்ததுக்கு மக தலைல பழியக் கட்டினே, இந்தத் தடவை பேத்தி தலையா என்றாள்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பீன்ஸ் அடிப்பிடித்தது. ஒவ்வொரு தடவை எடுத்துப் பார்க்கும்போதும் ஞாபகத்தைக் கொஞ்சம் மாற்றித்தான் திருப்பி வைக்கிறோம் என்பது நான் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கிய பதில். உன் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்து நினைவிருக்கிறதா, ஊரே கூடியிருக்க மைக்கைப் பிடித்து, இந்தப் பொண்ணுக்காகத்தான் நான் படிப்ப விட்டேன் என்று அழுதேனே. எல்லாரும் கைதட்டினார்கள். நீ ரோஸ் கவுனோடு உன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை, செருப்புக்கூட. அதைப் பொறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். மகளே, நீ என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. நான் பயந்தேன், அவ்வளவுதான். இதைச் சொல்ல மைக் இல்லை, அதனால் கடிதம்.

படிக்க வருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு நேற்றே பதில் அனுப்பிவிட்டேன். வகுப்பு செப்டம்பர் கடைசியில்தான். ஜூலையில் வருவேன், நாற்பது நாளும் கோழி சூப் வைப்பேன், உன் வயிற்றைச் சுற்றி நம் ரெபோசோ சால்வையை இறுக்கிக் கட்டிவிடுவேன், குளிர்ந்த தண்ணீரைத் தொட விடமாட்டேன். நாற்பத்தொன்றாம் நாள் நீ அழுதாலும் கிளம்பிவிடுவேன். நான் அழுதால் பிடித்துத் தள்ளி ஏற்றிவிடு.

மாதா உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. பதில் எழுதும்போது பரவாயில்லை அம்மா என்று எழுதாதே, கோபம் இருந்தால் கோபத்தையே எழுது, படிக்கத் தெரிந்தவள்தான் நான்.

இந்தத் தடவை பஸ் ஏறும் உன் அம்மா,
ஹசிந்தா