குகையில் மூன்று குட்டிகள்

அன்பு மருமகள் எழிலரசிக்கு,

நீ கழுதைப்புலி கணக்கெடுக்க வந்த அன்றே, வனத்துறைக்காரர்கள் நம் கரட்டுக் குன்றை அடைத்துவிடுவார்கள் என்று நான் சொன்னேனா இல்லையா? அப்படியே நடந்துவிட்டது!

குட்டிகள் இருக்கும் குகை என்று நீ அறிக்கையில் எழுதியதால், இனி ஆடு மேய்க்கக் கூடாதென்று பலகை நட்டுவிட்டார்கள். உன் அப்பா ஒரு கிடாயைத் தவிர எல்லா ஆடுகளையும் அரூரில் விற்றார். கடைசிக் கிடாயை வெட்டும்போது, "பெத்த மவளே எழுதிட்டாளே மச்சான்" என்று அழுதார்.

"விடுங்க மாப்ள, பாவம், குட்டிங்க பொழைக்கட்டும்" என்று நான்தான் தேற்றினேன். குழம்பு பிரமாதம்.

இப்போது அவர் பெங்களூரில் வாட்ச்மேனாக இருக்கிறார். உன் பெயரை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறார்.

உனக்கு விருதாமே! குகையைக் காட்டியது நானல்லவா? அங்கே கிடந்த எலும்புகள் உண்மை. மூன்று குட்டிகளைப் பார்த்தேன் என்றது மட்டும் நானாகச் சேர்த்தது. வெறும் குகைக்கு யார் விருது தருவார்கள்?

அன்புடன்,
உன் தாய்மாமன்