ரிக்கிற்கு மூன்றாவது கை

ஜனவரி 14, செவ்வாய்

தேவாலயத்தில் கைமணி ஒத்திகை. பதினோரு பேர்தான். மார்லிஸ் ஞாயிறு காலை பக்கவாதம் வந்து விழுந்துவிட்டாள். இடது கை அசையவில்லை, பேச்சும் இல்லை. ஒரு மணிக்கு ஒரு சுரம்; ஆளுக்கு இரண்டு மணி எங்கள் குழுவில். அவளுடையவை ஜி, ஏ. இருபத்திரண்டு வருடமாக, குழுவை நடத்தும் என் எதிரே நின்று அடித்தவள். இன்று அவள் இல்லாமல் அடித்துப் பார்த்தோம். தெரிந்த பாட்டுதான் — பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே ஓட்டை. பாதியில் நிறுத்தச் சொன்னேன்.

பிப்ரவரி 5

மார்லிஸ் வீடு திரும்பிவிட்டாள். சாப்பாடு கொண்டுபோனேன். அவள் புருஷன் டுவேன் வாசலிலேயே மறித்தான்.

"உள்ள வா ஜோயன். ஆனா மணியைப் பத்தி மட்டும் பேசாத. பேப்பர் குடுத்தா ஒரு எழுத்து புரியல அவளுக்கு. வெறிச்சுப் பாத்துட்டு அழறா. வேற ஆளைப் பாத்துக்கோ."

வேறு ஆள் கிடைக்காது என்றேன். பொய். நான் தேடவே இல்லை.

பிப்ரவரி 8

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளைக் கணினியில் போட்டாயிற்று. ஈஸ்டர் பாட்டை அவளுடைய ஒரு கைக்கு மாற்றி எழுதப் போகிறேன். 'ஜி' அவளிடமே இருக்கட்டும். 'ஏ' பக்கத்தில் நிற்கும் ரிக்கிற்கு. ஏற்கெனவே அவனிடம் பி, சி இருக்கின்றன. கீழே வைத்து, எடுத்து, சமாளிப்பான்.

பிப்ரவரி 20

எண்பத்து நான்கு 'ஏ'. எல்லாவற்றையும் ரிக் தலையில் கட்டிவிட்டேன்.

மார்ச் 4

முழுப் பாட்டையும் கணினி வாசித்துக் காட்டியது. ஒரு பிசிறு இல்லை. அச்செடுத்துக்கொண்டு நேரே மார்லிஸ் வீடு.

டுவேனுக்குக் கோபம். "அவளை அழ வைக்கவா வந்த?"

தாள்களை அவள் வலது கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. விரல் வரிக்கு வரி நகர்ந்தது. குதிகால் தாளம் போட்டது! இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. அதே இடத்தைத் தட்டினாள், மறுபடி தட்டினாள்.

"என்ன மார்லிஸ்?"

வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. என் வலது கையைத் தொட்டாள். இடது கையைத் தொட்டாள். அப்புறம் என் தோளுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத காற்றைத் தொட்டு மூன்று விரலைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தேன். ஏ, பி, சி மூன்றும் ஒரே நொடியில். ஒரே கையில் இரண்டு மணி பிடிக்க ரிக்கிற்கு வராது. மூன்றாவது கை வேண்டும்! கணினி முணுமுணுக்காமல் அடித்துவிட்டுப் போனது. அதற்குக் கை என்றால் என்ன தெரியும்?

மார்லிஸ் சிரித்தாள். டுவேன் திரும்பி நின்றுகொண்டான்.

தன் பெயரைக்கூடப் படிக்க முடியாதவள். எழுத்து போன இடத்துக்கு இசைக்குறிப்பு மட்டும் ஏன் போகவில்லை? காரில் ஏறி உட்கார்ந்த நான் சாவியைத் திருப்பவே இல்லை. கடவுளே, ஒரு மனுஷி தலைக்குள்ள என்னென்னதான் வெச்சிருக்க நீ?

மார்ச் 6

ரிக்கிடம் முட்டிய அந்த 'ஏ'வை வேறொருவருக்கு மாற்றி எழுதிவிட்டேன். மார்லிஸுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவளிடம் கேட்டேன். எழுத்து போய் இசைக்குறிப்பு தங்கிவிடுவது அபூர்வம், ஆனால் உண்டு என்றாள். காரணமும் சொன்னாள். காரணம் தெரிந்தும் பிரமிப்பு அடங்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அடித்தாள். ஒரே மணி. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஓட்டை இல்லை.

காப்பி குடிக்கும்போது ரிக் அவளிடம், "எனக்கு ரெண்டு கைதான்னு இந்த ஜோயனுக்குச் சொல்ல நீ எந்திரிச்சு வர வேண்டியிருந்துச்சு பாரு" என்றான்.

மே 27

மார்லிஸிடமிருந்து மின்னஞ்சல். தலைப்பு இல்லை, ஒரு சொல்லும் இல்லை. ஒரு கோப்பு மட்டும். திறந்தேன்: பதினாறு தாளக் கட்டங்கள், எங்கும் கேட்டிராத மெட்டு. அவளே எழுதியது. ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டேன். கைக்குட்டை தேடினேன். மறுபடி கேட்டேன்.

ஆனால் அடிவரியில் ஒரு பெரிய மணி, அவளுடையதைவிடக் கீழ்ச்சுருதியில் கனத்த 'ஜி'. எங்கள் குழுவில் அதைத் தூக்க ஆளே இல்லை. டுவேனுக்குப் போன் செய்தேன்.

"நீ குடுத்த அந்தப் பாட்டு எழுதுற புரோகிராம்ல நாள் பூரா மவுசும் கையுமா இருக்கா ஜோயன். மெயிலையும் என்னை விட்டுத்தான் அனுப்ப வெச்சா. அந்த அடிவரியைக் காட்டிக் காட்டி என் நெஞ்சுல குத்துறா. என்னது அது?"

"அது உனக்கு."

"எனக்கா? எனக்கு டிராக்டர் ஹாரனைத் தவிர ஒண்ணும் அடிக்கத் தெரியாதே!"

"நாலு வரைக்கும் எண்ணுவியா?"

ஒன்றிலிருந்து நாலு வரை வாய்விட்டு எண்ணிக் காட்டினான். பிறகு, "ஒத்திகை எத்தனை மணிக்கு?" என்றான்.

மணியைத் தொட வெள்ளைக் கையுறை வேண்டும். டுவேன் கைக்கு ஏற்ற அளவு எங்களிடம் இல்லை. நாளை வாங்க வேண்டும்.